தாத்தா தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள்

அந்தப் பையனுக்கு 5 வயது. தூங்க மறுக்கிறான் என்றுதான் என்னிடம் அழைத்து வந்தார்கள். மூன்று வாரமாக நள்ளிரவு வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அம்மாவை அதைவிடக் கலங்கடித்தது வேறொன்று. அவர் அசதியில் கண்ணயர்ந்தால் பையன் அருகே வந்து, இரண்டு விரலால் அவருடைய இமையை விலக்கிப் பார்க்கிறான். விழி அசைந்தால்தான் கையை எடுக்கிறான். ஒரே இரவில் நான்கைந்து முறை இது நடக்கிறது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

வீட்டில் அண்மையில் ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். தாத்தா இறந்திருந்தார். பையனிடம் என்ன சொன்னீர்கள் என்றேன். "பிஞ்சு மனசு தாங்காது என்று, தாத்தா தூங்குகிறார் என்று சொல்லிவைத்தோம்" என்றார் அப்பா.

பையன் சொன்னதை நம்பியிருக்கிறான். தாத்தா தூங்கினார், எழுந்திருக்கவில்லை, நாலு பேர் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே தூங்கினால் எடுத்துப் போய்விடுவார்கள். இந்தத் தர்க்கத்தில் பிழை எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்தவரை எங்கும் இல்லை. பெரியவர்கள் கொடுத்த முதல் வரிதான் பொய்.

குழந்தைகளுக்கான உளநல ஆலோசகராக இருப்பதால் இப்படிப்பட்ட வாக்கியங்களை அடிக்கடி சந்திக்கிறேன். சொன்னவர்களைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. சாவை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்வது தமிழில் நேற்று வந்த வழக்கமா என்ன? நன்னூல் அதற்கு 'மங்கலம்' என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் இடமே ஒதுக்கியிருக்கிறது. செத்தார் என்பதைத் துஞ்சினார், அதாவது தூங்கினார், என்பது இலக்கண வகுப்பில் நாம் எழுதிய எடுத்துக்காட்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சங்ககால அரசர்களையே இறந்த இடத்தோடு சேர்த்துத் 'துஞ்சிய'வர்களாகத்தான் குறித்துவைத்திருக்கிறார்கள். 'உறங்குவது போலும் சாக்காடு' என்கிறது குறள். காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், தவறிவிட்டார் என்று இன்றும் நமக்குச் சொல் பஞ்சமே இல்லை.

ஆனால் குறளில் 'போலும்' என்று ஒரு சொல் நிற்கிறது. உறக்கம் போன்றது என்பதற்கும் உறக்கம் என்பதற்கும் உள்ள தூரம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சொல்லப்படாவிட்டாலும் காதில் விழும். 'காலமானார்' என்று கேட்டதும் எந்தப் பெரியவரும் எந்தக் காலமாக ஆனார் என்று கேட்பதில்லை. மூடியிருக்கும் பொருள் என்னவென்று தெரிந்தவர்களுக்கு நடுவில்தான் மங்கல வழக்கு வேலை செய்யும். குழந்தைக்கு மூடி மட்டும்தான் தெரிகிறது. அதையே பொருள் என்று எடுத்துக்கொண்டு வாழத் தொடங்கிவிடுகிறது.

சமயத்தின் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. 7 வயதுச் சிறுமி ஒருத்தி, அதுவரை சாது, திடீரென்று தம்பியை அடிப்பது, நோட்டைக் கிழிப்பது என்று ஆளே மாறிப்போனாள். படம் வரைந்துகொண்டே, மூன்றாவது சந்திப்பில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்." அத்தை இறந்தபோது யாரோ ஆறுதலாகச் சொன்ன சொல். அவள் தப்பிக்க வழி பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டவளாகிவிட்டால் சாமி கூப்பிடாது அல்லவா?

என் பங்குக்கு நானும் தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்மாவிடம், "அப்பா நட்சத்திரமாகிவிட்டார் என்று சொல்லுங்கள்" என்று பரிந்துரைத்தேன். எத்தனை அழகான யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. மழைக்காலம் வந்தது. வானம் மூடிக்கிடந்த ஐந்து நாளும் அந்தக் குழந்தை, அப்பா இரண்டாம் முறையும் போய்விட்டார் என்று அழுதது.

குழந்தைகள் மரணத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்களில் முன்னோடி மரியா நாகி. புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தைகளிடம் பேசியும், அவர்களை எழுதவும் வரையவும் வைத்தும் அவர் கண்டது 1948இல் வெளியானது. 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பலரும் மரணத்தை ஒரு பயணமாக அல்லது தூக்கமாக நினைத்தார்கள். திரும்பி வரக்கூடிய ஒன்று. பின்னால் ஸ்பீஸ், பிரெண்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1984இல் எழுதினார்கள். இறந்தவர் திரும்ப மாட்டார், உடலின் வேலைகள் அனைத்தும் நின்றுவிடும், உயிருள்ள எல்லோருக்கும் இது நேரும். இந்த மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் 5 முதல் 7 வயதுக்குள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. யோசித்துப் பாருங்கள். தூக்கம் இல்லை, பயணம் இல்லை என்று குழந்தை தானாகவே கண்டுபிடிக்கப் போராடும் அதே வயதில், தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று நாம் போய் நிற்கிறோம்.

பள்ளிக்கூடம் உதவலாம். பெரும்பாலும் உதவுவதில்லை. உயிருள்ளவை, உயிரற்றவை என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "செத்துப்போன புறா எதில் வரும்?" என்று கேட்டானாம். ஆசிரியர் உட்காரச் சொல்லிவிட்டார். அவரே பிறகு என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். கல் உயிரற்றது, புறாவும் இப்போது உயிரற்றது, ஆனால் கல் எதையும் இழக்கவில்லை. இல்லாமையும் இழப்பும் ஒன்றல்ல என்று இரண்டாம் வகுப்புப் பையன் கண்டுபிடித்திருக்கிறான். அன்றைய பாடத்தில் அதைவிட நல்ல இடம் வேறு இருந்திருக்க முடியாது.

இன்னொன்றும் பள்ளிகளில் நடக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது, "யாரும் அவனிடம் எதுவும் கேட்காதீர்கள்" என்று மற்றவர்களிடம் சொல்லிவைக்கிறார்கள். நல்லெண்ணம்தான். அவன் வந்து உட்காரும்போது நாற்பது பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவன் முடிவு செய்கிறான்.

அப்படியானால் என்னதான் சொல்வது? உடலைப் பற்றிய உண்மையை முதலில், சிறு வாக்கியங்களில். "தாத்தா இறந்துவிட்டார். அவருடைய இதயம் நின்றுவிட்டது. இனி அவருக்கு மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. அவர் திரும்பி வரமாட்டார்." கடைசி வாக்கியத்தில் உங்கள் குரல் உடையும். உடையட்டும், அழுதால் பரவாயில்லை. நோயால் இறந்திருந்தால், நமக்கு வரும் சளி காய்ச்சல் போன்றதல்ல அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தும்மலுக்குக் குழந்தை நடுங்கும்.

நம்பிக்கையை அதற்குப் பிறகு சொல்லுங்கள், நம்பிக்கை என்றே சொல்லுங்கள். "தாத்தா இப்போது கடவுளிடம் இருக்கிறார் என்று நாங்கள் நம்புகிறோம்." அம்மாவுக்கு நம்பிக்கை, அப்பாவுக்கு இல்லை என்றால் அதையும் ஒளிக்க வேண்டாம். "இறந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது" என்று ஒரு பெற்றோர் சொல்வதால் குழந்தை உடைந்துபோய் நான் பார்த்ததில்லை. தெரிந்ததையும் நம்புவதையும் பெரியவர்கள் குழப்பும்போதுதான் குழந்தையும் குழம்புகிறது.

குழந்தை வாய்விட்டுக் கேட்காத கேள்விகள் மூன்று இருக்கும். நான் கோபத்தில் சொன்னதால்தான் செத்தாரா? நானும் செத்துப்போவேனா? அம்மா, நீ போய்விட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? மூன்றாவது கேள்விக்கு "நான் சாகவே மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "நான் ரொம்ப நாள் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்; எது நடந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்ள சித்தி இருக்கிறாள், மாமா இருக்கிறார்" என்று ஆள் பேரோடு சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் பத்து முறையும் ஒரே பதில்.

பொம்மையோ செல்போனோ கையில் திணித்துப் பேச்சை மாற்றும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குக் கடோபநிடதத்து எமன் நினைவுக்கு வருகிறான். இறந்தபின் என்ன என்று கேட்ட சிறுவன் நசிகேதனிடம், யானை, குதிரை, பொன், நூறாண்டு வாழும் பிள்ளைகள் என்று என்னென்னவோ தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்கிறான். எமனுக்கே அந்தக் கேள்வி சங்கடமாக இருந்திருக்கிறது, நமக்கு இருக்காதா? பையன் மசியவில்லை.

சில அறிகுறிகளை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் குலைந்தே இருப்பது, விளையாட்டை அடியோடு விட்டுவிடுவது, "நானும் தாத்தாவிடம் போகிறேன்" என்று சொல்வது. கடைசியாகச் சொன்னது வெறும் ஏக்கமாகவே இருக்கலாம். அதட்டாமல் உட்கார்ந்து, என்ன நினைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். எப்படிப் போவது என்றும் யோசித்துவைத்திருப்பதாகத் தெரிந்தால் அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

அந்தப் பையனிடம் பெற்றோர் என் அறையிலேயே உண்மையைச் சொன்னார்கள். அப்பாதான் பேசினார். பையன் அழவில்லை. "அப்போ தாத்தாவுக்குத் தூக்கம் வராதா?" என்றான். வராது என்றார். "முழிப்பு?" அதுவும் வராது. சற்று நேரம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொம்மைக் கார் இருந்த பக்கம் போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் பேசினார். ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுகிறானாம். இமையை விலக்கிப் பார்ப்பது நின்றுவிட்டது. நடுவில் விழிப்பு வந்தால் அவருடைய மார்பில் கை வைத்துப் பார்க்கிறான். "மூச்சு வருது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.