டொமைன் யார் பேரில் இருக்கிறது?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் கீழக்கரைத் தெருக்கோடியில் இருக்கும் தம்பி ஒருவன் போனைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான். “காக்கா, திங்கக்கிழமை இன்டர்வியூ. ரெஸ்யூமேல என் சைட்டைப் போட்டிருக்கேன். இப்ப திறந்தா ரம்மி விளம்பரம் வருது.”

வாங்கிப் பார்த்தேன். முகவரி அவன் பெயரையே கொண்ட டாட் காம்தான். உள்ளே சீட்டுக்கட்டு.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவன் படித்த கம்ப்யூட்டர் சென்டரில், கோர்ஸ் முடியும்போது ‘சொந்த வெப்சைட்’ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காசு இவனுடையது. ஆனால் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, பதிந்தது சென்டரின் கணக்கில், சென்டரின் மின்னஞ்சலில். பிறகு சென்டரை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். காலாவதியாகப் போகிறது என்ற அறிவிப்பெல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போயிருக்கிறது.

ஆள் எடுக்கும் வேலையில் ரெஸ்யூமேக்களை நான் நிறையப் பார்க்கிறவன். செத்த இணைப்புகள் அதில் சாதாரணம். இத்தனை உழைத்த பிள்ளைகளுக்கு இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டொமைனை ‘வாங்கினேன்’ என்கிறோம். உண்மையில் அது வாடகை. டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதிய முடியும். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், பதிந்தவருக்கு நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் விதி. தவறவிட்டாலும் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாள், அதிகம் போனால் 45 நாள் அவகாசம் கிடைக்கும். அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு. கடைசியாக 5 நாள் நீக்கத்துக்குக் காத்திருக்கும். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய பெயர்களுக்குப் பிற தளங்களிலிருந்து ஏற்கெனவே இணைப்புகள் இருப்பதால் அதை எடுக்கவென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். தம்பியின் பெயர் இந்தக் கட்டங்களை எல்லாம் தாண்டிப் போயிருந்தது.

கடன்பட்டுப் படகு வாங்குகிறவர்கூடப் பதிவை அடுத்தவர் பேரில் விட மாட்டார். டொமைனும் அப்படித்தான். இன்றைக்கே உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். பதிந்தவர் (Registrant) என்ற இடத்தில் இருப்பது உங்கள் பெயரா? மின்னஞ்சல் உங்களுடையதா? கல்லூரி கொடுத்ததும் கம்பெனி கொடுத்ததும் உதவாது, அங்கிருந்து வெளியே வந்த பிறகு அது போய்விடலாம். கணக்கே உங்களிடம் இல்லை, வேறு ஒருவர் வைத்திருக்கிறார் என்றால், அவர் போனை எடுக்கிற காலத்திலேயே மாற்றக் குறியீட்டை (டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கேட்டு வாங்கி உங்கள் கணக்குக்குக் கொண்டுவந்து விடுங்கள். புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை முதல் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது.

ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கும் இடம் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடம் ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும், அதில் சொந்த டொமைனையும் இணைக்கலாம். யாஹூ 2009-ல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கச் சேவையை மூடியபோது அங்கே பக்கம் வைத்திருந்தவர்களின் முகவரியும் சேர்ந்தே போனது. பெயர் உங்களுடையதாக இருந்து, கோப்புகளின் பிரதி உங்கள் கணினியில் இருந்தால், ஒரே மாலையில் வேறு இடத்துக்குக் குடிபோய் விடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலர் ரெஸ்யூமே பிடிஎஃப்பை அப்படியே தளத்தில் ஏற்றுகிறார்கள். அதில் பிறந்த தேதி, வாப்பா பெயர், வீட்டு முகவரி, செல் நம்பர் எல்லாம் இருக்கும். மோசடிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தளத்துக்கென்று தனிப் பிரதி செய்யுங்கள், அதில் ஒரு மின்னஞ்சல் மட்டும் போதும்.

பக்கத்தின் எடையையும் பாருங்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் தலா 3 பைட். 600 சொல் கட்டுரை ஒன்று 20 கேபிக்குள் அடங்கிவிடும். போனில் எடுத்த 4 எம்பி படம் ஒன்று அப்படிப்பட்ட 200 கட்டுரைக்குச் சமம். தனுஷ்கோடிப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் திறந்து பார்த்தால் படத்தைச் சுருக்க வேண்டிய அவசியம் தானாகப் புரியும். தமிழில் எழுதினால் பக்கத்தின் மொழி தமிழ் என்று அதன் HTML நிரலில் குறித்துவிடுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே அவனுடைய மின்னஞ்சலில், அவனுடைய கார்டில் புதுப் பெயர் ஒன்றைப் பதிந்தோம். பழைய தளத்தில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டேன். வானிலை ஆப், கால்குலேட்டர், செய்ய வேண்டிய வேலைப் பட்டியல். எல்லோரும் வைப்பதுதான். வேறென்ன செய்திருக்கிறாய் என்றேன். தயங்கிக்கொண்டே சொன்னான்: பெரியபட்டினம் கரையில் வள்ளங்களிடம் நண்டு வாங்குகிற அவன் மாமாவுக்கு, எந்த வள்ளத்துக்கு எத்தனை கிலோ, என்ன விலை என்று குறிக்க ஒரு சின்ன ஆப். கரையில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் கணக்கு முதலில் போனில் பதிந்து, நெட் கிடைத்ததும் மேலே ஏறும்.

“அதெல்லாம் சும்மா வீட்டுக்குச் செஞ்சது காக்கா.”

அதைத்தான் முதல் பக்கத்தில் போடச் சொன்னேன். ஞாயிறு இரவு வரை உட்கார்ந்து எழுதினான். மாமாவின் நோட்டுப் பக்கம் ஒன்றின் படம், ஆட்களின் பெயரை மறைத்து. கீழே, ஒரே வள்ளத்துக்கு இரண்டு போனில் இரண்டு எடை பதிந்தால் எதை எடுப்பது என்று அவன் பட்ட பாடு, முதலில் செய்த தவறு, பிறகு இரண்டையும் காட்டி மாமாவையே தேர்ந்தெடுக்க விட்டது.

திங்கட்கிழமை மதியம் அழைத்தான். நாற்பது நிமிட இன்டர்வியூவில் முக்கால்வாசி நேரம் அந்த இரண்டு எடையைப் பற்றியே கேட்டார்களாம்.