11-லேயே நிற்கும் வேகம்

ஈரோட்டில் ஒரு கல்யாணப் போட்டோகிராபர் வீடு. கீழே ஸ்டுடியோ, எடிட்டிங் அறை மாடியில். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டைப் போட்டு, உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) ஏற்றி, சாம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் வழியாக வீட்டு சர்வராக வைத்திருக்கிறார். ஒரு கல்யாணம் முடிந்தால் படமும் வீடியோவுமாக 200 ஜிபி சேரும். அதை மாடியிலிருந்து சர்வருக்கு ஏற்ற ஐந்து மணி நேரம். "நெட்டு பிளான 300க்கு ஏத்திட்டேனுங்க, அப்பவும் ஊர்ந்துட்டுத்தானுங்க போகுது" என்றார்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃபைல் தெருவைப் பார்ப்பதே இல்லை. வீட்டு நெட்வொர்க் வயர்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி வரை போய், அங்கிருந்து சர்வருக்குத் திரும்பிவிடும். மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஒரு பெரிய வீடியோவைக் காப்பி போடச் சொல்லி எண்ணைப் பார்த்தேன். வினாடிக்கு 11.2 எம்பி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்போதே டிஸ்க்கையும் சாம்பாவையும் சந்தேகப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். டிஸ்க் திணறினால் வேகம் மேலும் கீழும் ஆடும், இப்படிக் கோடு கிழித்தாற்போல் நிற்காது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். பாக்கெட் கட்டுவதற்கான மேல்செலவு போக 11 சொச்சம்தான் கைக்கு வரும். ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட், என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாதையில் எங்கோ ஒரு துண்டு 100-இல் ஓடுகிறது என்று அர்த்தம்.

எந்தத் துண்டு? சர்வரில் லிங்க் வேகம் காட்டும் ஈத்டூல் கட்டளை போட்டுப் பார்த்தால் 1000 என்றது. மாடி கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் வேகம் 100. சரி, கம்ப்யூட்டரைக் குறை சொல்வதற்கு முன் என் லேப்டாப்பை எடுத்தேன். என் பேட்ச் கார்டோடு (சிறிய நெட்வொர்க் வயர்) கீழே நேராக ஸ்விட்சில் செருகினால் 1000. நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓடவிட்டால் 940 மெகாபிட். ஐபெர்ஃப் டிஸ்க்கைத் தொடாது, ஒரு மெமரியிலிருந்து இன்னொரு மெமரிக்குத் தள்ளிப் பார்க்கும். அதனால் வயரின் தரம் மட்டும் தனியாகத் தெரியும். அதே கார்டோடு மாடிச் சுவர் சாக்கெட்டில் செருகினேன். பச்சை விளக்கு உடனே எரியாமல் சில வினாடி யோசித்தது. பிறகு 100. முதலில் ஜிகாபிட்டுக்கு முயன்று, முடியாமல் ஒரு படி இறங்கி வருகிற தயக்கம் அது.

நெட்வொர்க் வயருக்குள் நான்கு நிற ஜோடிகளாக எட்டு இழை இருக்கும். சாக்கெட்டைக் கழற்றினால் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் ஒழுங்காகப் பஞ்ச் ஆகியிருந்தன, அதாவது சாக்கெட்டின் பற்களில் அழுத்திப் பொருத்தப்பட்டிருந்தன. நீலத்தையும் பழுப்பையும் காணோம். பின்னால் மடித்து டேப் சுற்றியிருந்தது. கீழ் முனையில் பார்த்தால் நீல ஜோடி கிளம்பி வாசல் காலிங் பெல்லுக்குப் போகிறது! தனி வயர் இழுக்க மனமில்லாமல் எலக்ட்ரீசியன் செய்த சிக்கனம். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் அந்தக் காலத்தில் இது ஓடியிருக்கும். 1999-இல் தரமாக்கப்பட்ட, நாம் இன்று வீடுகளில் பயன்படுத்தும் ஜிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும்.

பெல்லுக்கு வயர்லெஸ் பெல் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லிவிட்டு, இரண்டு முனையிலும் எட்டு இழையையும் மறுபடி பஞ்ச் செய்தேன். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக ஓடியது. வெட்டிய இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டியும் பார்த்தேன், உள்ளேயும் செம்பு நிறம்தான். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. மலிவாகக் கிடைக்கும், சுவருக்குள் போட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் காப்பி வினாடிக்கு 110 எம்பியைத் தொட்டது. ஐந்து மணி நேர வேலை அரை மணி நேரமானது. சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டரில் மட்டும் வேகம் குறையும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திறந்து மூடும் நேரம் தனி. அதைப் பழுது என்று எண்ணி யாரையும் கூப்பிட வேண்டாம்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். "பேக்கப் டிஸ்க்க சர்வர்ல மாட்டியிருக்கேன், 38-லயே நிக்குதுங்க. ஆடவே மாட்டேங்குது."

இந்தத் தடவை நெட்வொர்க் மேல் சந்தேகமே வரவில்லை. 35-லிருந்து 40 எம்பி என்பது யுஎஸ்பி 2.0-வின் எல்லை. அந்தப் போர்ட் பெரும்பாலும் உள்ளே கருப்பாக இருக்கும், வேகமான 3.0 பெரும்பாலும் நீலமாக இருக்கும். "செருகின போர்ட்டுக்குள்ள என்ன கலர்ங்க?"

"கருப்புங்க."

"பக்கத்துல நீலம் இருக்கான்னு பாருங்க."

"இருங்க... பின்னாடி ரெண்டு இருக்குதுங்க."