சுகர் வந்தால் விறைப்பு ஏன் குறைகிறது?

பல வருஷமாகச் சுகர் இருக்கும் ஆண் கால் மரத்துப்போவதை டாக்டரிடம் சொல்லிவிடுவார், கண் மங்குவதையும் சொல்லிவிடுவார். படுக்கையில் வரும் பிரச்சினையை மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். டாக்டரும் பல நேரம் கேட்பதில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ்தான் கதி என்றாகிவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியான ஆய்வில், விறைப்பே வராத நிலை சர்க்கரை நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் இருந்தது.

விறைப்பு என்றால் தசை முறுக்கேறுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. ஆண்குறிக்குள் நீளவாக்கில் பஞ்சு மாதிரி இரண்டு திசுக்கள் இருக்கின்றன, அவற்றின் மென்தசை சாதாரண நேரத்தில் இறுகியே இருக்கும், அதனால் ரத்தம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். ஆசை வந்ததும் நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைத் தசைக்குள் உண்டாக்க, தசை தளர்கிறது, ரத்தம் பாய்ந்து திசு உப்புகிறது, உப்பிய திசு சுற்றியிருக்கும் கெட்டியான உறையோடு சேர்த்து வெளியேறும் நாளங்களை நசுக்கிவிடுவதால் வந்த ரத்தம் அங்கேயே தங்குகிறது. பதற்றத்தில் காரியம் கெடுவதும் இதனால்தான்; பயம் வந்தால் தசை தளராது, இறுகும்.

சுகர் இந்தச் சங்கிலியை ஒரே இடத்தில் அறுப்பதில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் வருஷக்கணக்காக ஏறியே இருந்தால் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகத்தான் தயாரிக்கும், தயாரித்த கொஞ்சத்தையும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் அழித்துவிடும். கால்களை மரத்துப்போகச் செய்யும் அதே நரம்புச் சேதம் இங்கேயும் நடக்கும். டைப் 2 நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருக்கும், தொப்பை இருந்தால் இன்னும் அதிகம். அப்போது ஆசையே மங்கிவிடும்.

இதில் நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதயத்தோடு உள்ள தொடர்பை. ஆண்குறிக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், இதயத்தின் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரே கொழுப்புப் படிவு இரண்டிலும் சேர்ந்தால் சின்னக் குழாய்தானே முதலில் திணறும்? பலருக்கு விறைப்பு குறைந்து சில வருஷம் கழித்துத்தான் நெஞ்சுவலி வருகிறது. இந்தப் பிரச்சினைக்காக வருகிறவருக்கு பிரஷர், கொலஸ்ட்ரால், இதயம் எதையும் பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதி அனுப்புவது அரைகுறை வைத்தியம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். நெஞ்சுவலிக்கு என்று சோதிக்கப்பட்ட சில்டெனாஃபில் (வயாகரா) 1998-இல் விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருஷம்தான். இந்த மாத்திரை ஆசையைத் தூண்டாது, சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் பிடிஇ5 என்சைமைத் தடுக்கிறது, அவ்வளவுதான். நரம்பிலிருந்து சிக்னலே வராவிட்டால் சைக்ளிக் ஜிஎம்பியே உருவாகாது, மாத்திரை காப்பாற்ற ஒன்றும் இருக்காது. அதனால்தான் சர்க்கரை நோயாளிகளுக்குப் பலன் கொஞ்சம் குறைவு: அவர்களிடம் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 56 சதவீதம் பேரும், டம்மி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேரும் முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னார்கள். பலிக்காதவர்களுக்கு ஊசி, வெற்றிடக் கருவி, உள்பொருத்தும் அறுவைசிகிச்சை என்று அடுத்தடுத்த வழிகள் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து (நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை போன்றவை) எடுப்பவர்கள் மட்டும் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, பிரஷர் சடாரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். ‘மூலிகை’ என்று விற்கும் சில கேப்ஸ்யூல்களிலும் சில்டெனாஃபில் கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது.

சுகர் தரும் தொல்லை விறைப்போடு நிற்பதில்லை. ஆண்குறியின் முன்தோலில் அரிப்பு, வெடிப்பு, வெள்ளைப் படிவு வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. டாபாகிளிஃப்லோசின் மாதிரி சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும், கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் குறைய உதவும்.

அப்புறம், உச்சம் வந்தும் விந்து வராத ஒரு நிலை இருக்கிறது. சிறுநீர்ப்பையின் வாயை மூடும் தசைக்குப் போகும் நரம்பு பழுதானால் விந்து பின்னோக்கிப் போய்விடும், அடுத்துப் போகும் சிறுநீர் கலங்கலாக இருக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்குத்தான் சிக்கல். அவர்களுக்கும் சிறுநீரின் அமிலத்தன்மையை முன்கூட்டியே மருந்தால் குறைத்து, உச்சத்துக்குப் பிறகு அதிலிருந்தே விந்தணுக்களைப் பிரித்தெடுத்து மனைவியின் கருப்பையில் செலுத்த முடியும்.