செயற்கைச் சூரியனை நிறுத்துவது எப்படி?

"செயற்கைச் சூரியன் சாதனை" என்று ஒரு செய்தி வந்தால் போதும், ஹட்டனில் எங்கள் உயர்தர பௌதிகவியல் வகுப்பின் வாட்ஸ்அப் குழு களைகட்டிவிடும். 2025 ஜனவரியில் சூரியனைப் போல அணுக்கரு இணைவை நடத்தும் முயற்சியில், சீனாவின் ஈஸ்ட் இயந்திரம் பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயுவை, 1,066 செக்கன் பிடித்து வைத்தது. அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் 1,337 செக்கனோடு முந்தியது. பெற்றோர் கேட்பது வேறு: "சேர், அது வெடிச்சா என்னாகும்?"

ஊருக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே ஒரு நேரத்தில் இருக்கும் எரிபொருள் சில கிராம்தான். பிளாஸ்மா குலைந்தால் குளிர்ந்துவிடும், அணுக்கரு இணைவும் தானாக நின்றுவிடும். அடி வாங்குவது இயந்திரம். அந்த அடி சாதாரணமானதல்ல.

பிளாஸ்மாவைக் காந்தப்புலக் கூண்டுக்குள் அடைக்கும் வளைய வடிவ இயந்திரம் டோகமாக். அதில் பிளாஸ்மாவே மின்னோட்டத்தைச் சுமக்கிறது. தென் பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற மாபெரும் டோகமாக்கில் அது 15 மில்லியன் அம்பியர். காந்தக் கூண்டு குலைந்தால் சுமார் 350 மெகாயூல் வெப்பம் சில மில்லிசெக்கனில் சுவரை நோக்கிப் பாயும். குளிர்ந்த பிளாஸ்மாவின் மின்தடை எகிறும், மின்னோட்டம் சரியும்.

இனி நடப்பது நம் பாடத்திட்டத்தில் உள்ளதுதான். சுருளோடு இணைந்த ஆளியைத் திறந்தால் பொறி பறக்கும் அல்லவா? மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் லென்சின் விதி இங்கேயும் விடாது. சரியும் மின்னோட்டம் ஒரு மின்புலத்தைத் தூண்டி இலத்திரன்களை இழுக்கிறது. மற்றவற்றோடு மோதித்தான் இலத்திரன் வேகம் இழக்கும். வேகம் கூடக்கூட அந்த இழப்பு குறையும். ஓர் எல்லை தாண்டினால் கடிவாளம் இல்லை, ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். போகிற வழியில் வேறு இலத்திரன்களையும் முட்டித் தன்னோடு சேர்க்கும். இந்தப் பெருக்கம் பிளாஸ்மா மின்னோட்டத்தோடு அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. ஆகவே சிறிய இயந்திரத்தில் பலித்தது ஈட்டரிலும் பலிக்கும் என்று நம்ப முடியாது. 2023 கடைசியில் மூடப்பட்ட பிரித்தானியாவின் ஜெட் இயந்திரத்திலேயே இத்தகைய இலத்திரன் கற்றைகள் பெரிலியம் ஓடுகளை உருக்கியிருக்கின்றன.

தடுக்க என்ன வழி? ஐதரசனோடு சிறிது நியோனைக் கலந்து உறையவைத்து, சுட்டு, உள்ளே நுழையும் தறுவாயில் சிதறடிக்கிறார்கள். நியோன் வெப்பத்தை ஒளியாக நாலாபக்கமும் பரப்பிவிடும். நியோனின் அளவு மிஞ்சினால் மின்னோட்டம் மிக வேகமாக விழும். சுற்றியுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து அதை முறுக்கும். அளவு குறைந்தால் பிளாஸ்மா நகர்ந்து சுவரைத் தொட்டு மின்னோட்டத்தை அதற்குள் இறக்கும். ஈட்டரில் மின்னோட்டம் விழ எடுக்க வேண்டிய நேரம் ஏறத்தாழ 50 முதல் 150 மில்லிசெக்கன். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் தலவாக்கலை அணையிலிருந்து சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் ஓடும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வால்வைச் சட்டென்று மூடினால் அந்த ஓட்டம் அழுத்தமாகத் திருப்பி அடிக்கும். அதைத் தாங்கத்தான் அங்கே பெரிய கிணறு ஒன்றும் வெட்டியிருக்கிறார்கள்.

ஈட்டரில் இதையெல்லாம் உடைத்துப் பார்த்துப் படிக்க வழியில்லை, அதனால் கணினியை நம்பியிருக்கிறார்கள். ஜோரெக், நிம்ரொட் போன்ற நிரல்கள் சிதறிய துண்டுகள் ஆவியாவதையும் காந்தப்புலம் கலைவதையும் முப்பரிமாணத்தில் தொடர்கின்றன. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரீம், வடிவத்தை எளிதாக்கிக்கொண்டு தறிகெட்ட இலத்திரன்களைக் கவனிக்கிறது. மைக்ரோசெக்கனில் நடப்பதையும் நூறு மில்லிசெக்கனில் நடப்பதையும் ஒரே கணக்கில் பிடிப்பது மீக்கணினிகளுக்கே பெரும்பாடு.

வண்ண வண்ணமாகச் சுழலும் அந்தக் காணொளிகளைப் பார்த்து மாணவர்கள் மயங்குவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எந்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள் என்பேன். ஜெட்டிலும் அமெரிக்காவின் டிஐஐஐ-டி டோகமாக்கிலும் இலத்திரன் கற்றைக்குள் ஐதரசன் வகை வாயுவைச் செலுத்தியபோது, அந்தக் கற்றை ஒரே இடத்தைத் துளைக்காமல் அகலமாகப் பரவி, சுவருக்குச் சேதமின்றி அடங்கியது. முதலில் வந்தது பரிசோதனை. ஜோரெக் கணிப்பு பிறகுதான் காரணத்தை விளக்கியது.

வகுப்பில் நாங்கள் செய்வது எக்செலில் ஒரு தூண்டி (சுருள்), ஒரு மின்தடை மட்டும் கொண்ட சுற்றின் கணக்கு. தடையை நடுவழியில் நூறு மடங்காக்கிவிட்டு, தூண்டிய மின்னழுத்தம் எப்படி எகிறுகிறது என்று வரைபில் பார்க்கிறோம். கைபேசி போதும்.

ஈட்டரின் புதிய அட்டவணைப்படி ஆய்வு இயக்கம் 2034இல் தொடங்கும், ஐதரசனின் கனமான வகைகளான தியூத்தீரியமும் திரித்தியமும் கலந்த எரிபொருள் 2039இல் வரும். முதற்கட்டத்துக்கு, உள்ளே நீர்க்குழாய் ஓடாத தற்காலிகத் தங்குதன் சுவரைப் பொருத்தப் போகிறார்கள். கணிப்பு பொய்த்து இலத்திரன் கற்றை துளைத்தாலும் தண்ணீர் கசியாது.