நியூ ஜெர்சி பள்ளி வரி: 2 சதவீத வரம்பு இருந்தும் பில் ஏன் ஏறுகிறது?

நியூ ஜெர்சியில் வீடு வாங்கியவர்களிடம் பேசினால் பேச்சு எப்படியும் சொத்து வரியில் வந்து நிற்கும். மாநிலச் சராசரியே 2024-ல் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் போவது பள்ளிகளுக்கு. "2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே, எனக்கு மட்டும் எப்படி 5 சதவீதம் ஏறியது?" என்று கேட்காதவர் குறைவு.

முதலில் அந்தச் சட்டத்தைப் பார்ப்போம். முன்பு 4 சதவீதமாக இருந்த வரம்பை 2010-ல் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அது உங்கள் வீட்டு பில்லுக்கான வரம்பு அல்ல. பள்ளி மாவட்டம், அதாவது ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, ஊரிலிருந்து திரட்டும் மொத்த வரித்தொகைக்கான வரம்பு. உதாரணத்துக்கு, ஒரு மாவட்டம் 5 கோடி டாலர் திரட்டுகிறது என்றால் அடுத்த ஆண்டு 10 லட்சம் டாலர் கூடுதலாகத் திரட்டலாம். அந்தச் சுமை எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதை ஊரிலுள்ள மற்ற சொத்துகளின் மதிப்போடு உங்கள் வீட்டின் மதிப்பை ஒப்பிட்டுத்தான் பிரிக்கிறார்கள். மறுமதிப்பீடு நடந்து உங்கள் தெருவின் மதிப்பு மற்ற தெருக்களைவிட அதிகம் உயர்ந்திருந்தால், மொத்தத்தொகை 2 சதவீதம் மட்டுமே கூடியிருந்தாலும் உங்கள் பில் எகிறும்.

வரம்புக்கு விலக்குகளும் உண்டு. மருத்துவக் காப்பீட்டுச் செலவு கூடினாலும், மாணவர் எண்ணிக்கை கூடினாலும், விதிப்படி கணக்கிட்டு வரம்பை மீறலாம். ஓர் ஆண்டு பயன்படுத்தாமல் விட்ட அளவை அடுத்த 3 ஆண்டுகளுக்குள் எடுத்துக்கொள்ளலாம். கட்டடக் கடனுக்கான தவணை இந்த வரம்புக்குள் வருவதே இல்லை.

சரி, செலவு எங்கே தீர்மானமாகிறது? என் அனுபவத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான். பட்ஜெட்டின் பெரும்பகுதி சம்பளமும் காப்பீடும். சம்பளத்தை, மாவட்டத்தை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டும் உள்ளூர் ஆசிரியர் சங்கமும் பேசி, பெரும்பாலும் 3 ஆண்டு ஒப்பந்தமாக முடிவு செய்கின்றன. எத்தனை ஆண்டு சேவை, என்ன பட்டம் என்பதை வைத்து வரிசை வரிசையாகப் போட்ட அட்டவணை அது. சம்பள உயர்வு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் போய், வரி 2 சதவீதம் மட்டுமே உயர்ந்தால், மாநில உதவியும் கைகொடுக்காத ஆண்டில் இடைவெளியை எதையாவது வெட்டித்தான் நிரப்ப வேண்டும். 2018-ல் வந்த சட்டத்தால் சில மாவட்டங்களுக்கு மாநில உதவி ஆண்டுதோறும் குறைந்தது. டாம்ஸ் ரிவர் அப்படிப் பெரிதாக அடிவாங்கிய ஊர். அங்கே ஆசிரியர் பணியிடங்களே போயின. அதனால் வரி கட்டுபவர்களையும் ஆசிரியர்களையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவதை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் வேண்டுமென்றுதானே அந்த ஊரைத் தேடி வீடு வாங்கினோம்?

காப்பீட்டில் இன்னொரு சிக்கல். 2020-ல் வந்த சட்டப்படி, புதிய திட்டத்தில் சேரும் ஆசிரியரின் பங்கு அவர் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதமாகப் பிடிக்கப்படுகிறது. பிரீமியம் சம்பளத்தைவிட வேகமாக ஏறும் ஆண்டுகளில் கூடுதல் சுமை மாவட்டத்தின் தலையில் விழுகிறது.

அப்புறம், எப்போது பேசுவது? பட்ஜெட் குறித்த பொதுக்கூட்டம் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ நடக்கும். ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால், அங்கே போய்ச் சம்பளத்தைப் பற்றிக் கோபப்பட்டுப் பயனில்லை. 2012-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான மாவட்டங்கள் போர்டு தேர்தலை நவம்பருக்கு மாற்றிவிட்டன. அங்கெல்லாம் வரம்புக்குள் அடங்கும் பட்ஜெட்டுக்கு மக்கள் ஓட்டே கிடையாது. விலக்குகளையும் தாண்டிக் கூடுதலாகக் கேட்டால் மட்டும் தனிக் கேள்வியாக ஓட்டுக்கு வரும்.

ஆகவே ஒப்பந்தம் முடிகிற ஆண்டுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே போர்டு கூட்டத்துக்குப் போங்கள். பேச்சுவார்த்தை மூடிய அறையில் நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு போர்டு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். எச்-1பி, கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அங்கே எழுந்து பேசத் தடையில்லை. போவதற்கு முன் உங்கள் ஊர் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். மாநிலப் பொதுத்துறை வேலை உறவு ஆணையத்தின் (PERC) இணையதளத்தில் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். முதல் பக்கங்களில் அது எந்த ஜூன் 30-ல் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னிணைப்பில் இருக்கும் சம்பள அட்டவணையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.