கைபடாமல் காண வேண்டியவை

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்கையோ பித்தளைக் கூஜாவையோ கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் விலை பேசுவது வழக்கம். கடைக்கு அது பொருந்தும். நான் பணியாற்றும் சிறிய அருங்காட்சியகம் ஒரு பழைய நகரத்தார் வீடு. முகப்பிலும் வளவிலும் (வீட்டின் உள்முற்றப் பகுதி) வைத்திருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. அறைக்கு ஒரு காவலரை நிறுத்தும் வசதியும் எங்களுக்கு இல்லை. ஆகவே இங்கே பொருள்களுக்குக் காவல் பார்வையாளர்தாம்.

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. வியர்வையில் இருக்கும் உப்பு பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கும். உடனே துடைக்காவிட்டால் கைரேகை அந்த உலோகத்திலேயே பதிந்துவிடுவதும் உண்டு. பனையோலையில் முடைந்த கூடையான கொட்டானின் விளிம்பு காய்ந்து முறியும் நிலையில் இருக்கும். எனாமல் பூச்சு ஓரிடத்தில் சில்லுப் பெயர்ந்தால் அந்த இடத்திலிருந்து உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். ஒருவர் ஒரு முறை தொடுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அவருக்குப் பின்னால் வருகின்ற ஒவ்வொருவரும் அதையே கேட்பார்கள்.

அதிகம் தொடுபவர்கள் வெளியூர்ப் பயணிகள் அல்லர். இந்தப் பொருள்களோடு வளர்ந்த நம் பெரியவர்களே. ‘இதே மாதிரி எங்கள் ஆச்சி வைத்திருந்தார்கள்’ என்று சொல்லும்போதே கை நீண்டுவிடுகிறது. அந்த உரிமை உணர்வை நான் மதிக்கிறேன், அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. எந்தக் கொட்டானில் எதை வைத்தார்கள், எந்தப் பாத்திரம் எந்தச் சடங்குக்கு எடுக்கப்பட்டது என்பவையெல்லாம் எந்த ஆவணத்தையும்விட அவர்கள் நினைவில்தான் தெளிவாக இருக்கின்றன. அவற்றைப் பணியாளரிடம் சொன்னால் பொருளின் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். தொட்டுப் பார்க்க விரும்பும் குழந்தைகளுக்குப் புதிதாக முடைந்த கொட்டான்களைத் தனியே வைத்திருக்கிறோம்.

காலணியை வாசலில் கழற்றச் சொல்வதில் மரியாதை மட்டும் இல்லை, அடிப்பாகத்தில் ஒட்டிவரும் மணல், தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரை ஓடு) வழவழப்பைக் கீறிவிடும். இத்தாலியப் பளிங்கு பதித்த தரையில் எலுமிச்சைச் சாறோ சோடாவோ சிந்தினால், புளிப்பு அந்தச் சுண்ணாம்புக் கல்லை அரித்து, எவ்வளவு துடைத்தாலும் போகாத மங்கல் தடத்தை விட்டுவிடும். சுவரில் தலை சாய்க்க வேண்டாம் என்பதற்குத் தலை எண்ணெய் காரணம். தின்பண்டத் துணுக்குகள் எறும்பையும் கரப்பானையும் எலியையும் அழைத்துவரும்; அவை பிறகு ஓலையையும் துணியையும் தேடிப் போகும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கண்டாங்கிச் சேலைகள் இருக்கும் அறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். சாயம் ஏற்றிய துணிக்கும் பழைய அச்சுப் படங்களுக்கும் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியே பாதுகாப்பான அளவாக அருங்காட்சியகத் துறையில் கொள்ளப்படுகிறது. ஒளியால் நேரும் வெளிறல் சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போகும், அதைத் திருப்பி எடுக்க முடியாது. ஒரு பிளாஷ் வெளிச்சம் உடனே சேலையை வெளுக்கச் செய்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் ரீல்ஸ் எடுப்பதற்காக விளக்கைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பது வேறு. படம் பிடிக்கப் பின்னோக்கி நடப்பவர் தூணருகே இருக்கும் சாடியைக் கவனிப்பதில்லை. சாமி அறையையும் குடும்பத்தாரின் புகைப்படங்களையும் அனுமதி கேட்டபின் மட்டும் படம் எடுங்கள். அவர்களின் வாரிசுகள் இன்றும் கும்பிட வருகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏதேனும் உடைந்துவிட்டால், பயந்து மறைக்காமல் உடனே சொல்லுங்கள். சில்லுகளை நீங்களே பொறுக்கிச் சேர்க்கவோ பொருத்திப் பார்க்கவோ வேண்டாம். உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துவிட்டால் பின்னர் ஒட்டும்போது அவை பொருந்தாது. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மற்றவர்கள் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு, பணியாளரை அழைத்தால் போதும்.