தொலைவழித் திறன்வளர்ப்பு: ‘டெலிரிஹாபிலிடேஷன்’ என்ற சொல்லின் பொருளும் தமிழும்

உடல் இயக்கத்தில் குறைபாடு உள்ள ஒரு குழந்தை சட்டை போடவும், கரண்டி பிடித்து உண்ணவும், பல் துலக்கவும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறவும் பழகுவதற்கு வேண்டிய வழிகாட்டுதலைச் சிகிச்சையாளர் நேரில் இல்லாமல் தொலைபேசி, காணொளி, இணையம் ஆகியவற்றின் வழியாக வழங்குவதை ‘டெலிரிஹாபிலிடேஷன்’ என்கிறார்கள். இதைத் தமிழில் எழுத வேண்டி வரும்போது பெரும்பாலும் ‘தொலை மறுவாழ்வு’ என்றோ ‘தொலைநிலைப் புனர்வாழ்வு’ என்றோ கைக்கு வருகிறது. சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் பேசப்படுபவர் குழந்தையாக இருக்கும்போது இரண்டும் பொருளில் வழுக்குகின்றன.

சொல்லின் முற்பாதி கிரேக்க மொழியில் ‘தொலைவில்’ என்னும் பொருள்படும் ‘டேலே’. தொலைநோக்கி, தந்தி, தொலைபேசி ஆகியவற்றின் ஐரோப்பியப் பெயர்களுக்கெல்லாம் இதுவே தலைப்பகுதி. மருத்துவத்துக்குள் இது நுழைந்த கதை பலர் நினைப்பதைவிடப் பழையது. நெதர்லாந்தின் லைடன் நகரில் உடலியல் அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1905ஆம் ஆண்டில், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதய மின்பதிவைச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே வரவழைத்தார். மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அதற்கு ‘டெலிகார்டியோகிராம்’ என்று பெயரிட்டார். ரிஹாபிலிடேஷனுடன் ‘டெலி’ சேர்ந்து ஒரு துறைப்பெயராக வழங்கத் தொடங்கியது 1990களின் பிற்பகுதியில்தான். 2020இல் பெருந்தொற்று கதவுகளை அடைத்தபோது, அதுவரை ஆய்விதழ்களில் இருந்த சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

தமிழில் ‘தொலை’ என்பதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று தூரம், மற்றொன்று அழிவு, இழப்பு. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் ‘தொலைவிடத்து’ என்று வரும்போது அது தூரத்தைக் குறிக்கவில்லை, படை சிதைந்து குறையும் நேரத்தைக் குறிக்கிறது. இன்றைய பேச்சிலும் பொருளைத் தொலைக்கிறோம், கோபத்தில் ‘தொலைந்து போ’ என்கிறோம். ‘தொலைபேசி’, ‘தொலைக்காட்சி’ ஆகியவற்றில் இந்த இரண்டாம் பொருள் யாருக்கும் உறுத்துவதில்லை; சொல் ஒட்டிப் பழகிவிட்டது. ‘தொலை மறுவாழ்வு’ என்று இரண்டையும் விட்டு எழுதும்போதுதான் தொலைந்த வாழ்வு என்னும் நிழல் அதன்மேல் விழுகிறது. குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு வரும் பெற்றோரின் கையில் கொடுக்கும் தாளில் அந்த நிழல் வேண்டாம்.

‘தொலைதூர’ என்று எழுதுவோரும் உண்டு. நடுமையம், உயர்ந்தோங்கிய மலை என்பவை போல ஒரே பொருளை இரு சொற்களால் சொல்லும், இலக்கணம் ஏற்கும் ஒருபொருட்பன்மொழிதான் அது. ஆயினும் கலைச்சொல்லில் அந்தச் செழிப்புக்கு இடமில்லை. ‘தொலைநிலை’ கல்வித் துறையில் வேரூன்றிய சொல். இருப்பின் நிலையைச் சொல்கிறதே தவிரச் செய்யும் வழியைச் சொல்வதில்லை. அஞ்சல்வழி, இணையவழி என்று நாம் ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கும் வார்ப்பில் ‘தொலைவழி’ என்பது இயல்பாகப் பொருந்துகிறது. எதன் மூலம் நடக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. வெறும் தொலைபேசி அழைப்பையும், பதிவுசெய்து அனுப்பும் காணொளியையும், நேரலை உரையாடலையும் ஒருசேர அடக்கிக்கொள்கிறது.

சிக்கல் பிற்பாதியில்தான் அதிகம். இடைக்கால இலத்தீனில் ‘ரிஹாபிலிடாரே’ என்பது சட்டச் சொல்லாக இருந்தது. பதவியோ உரிமையோ பறிக்கப்பட்ட ஒருவரை மீண்டும் பழைய தகுதியில் அமர்த்துவது என்று அதற்குப் பொருள். அதன் உள்ளே இருக்கும் ‘ஹாபிலிஸ்’ கையாள எளிதான, தகுந்த என்னும் பொருளுடையது. அதற்கும் வேராக நிற்பது கொண்டிருத்தல், பிடித்திருத்தல் என்னும் வினை. ஆங்கிலத்தில் இயலும் என்னும் பொருளில் வழங்கும் ‘ஏபிள்’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்களை வேலைக்கும் வாழ்க்கைக்கும் மீட்கும் முயற்சிகளின்போது இந்தச் சட்டச் சொல் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. ஆக, சட்டமானாலும் மருத்துவமானாலும் ‘முன்பு இருந்தது, போய்விட்டது, மீண்டும் தருகிறோம்’ என்னும் மூன்று படிகளும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

தமிழின் ‘மறுவாழ்வு’ம், இலங்கையில் மிகுதியாக வழங்கும் ‘புனர்வாழ்வு’ம் இந்த மூன்று படிகளை அப்படியே சுமக்கின்றன. போதாதற்கு அவற்றுக்கெனத் தனிச் சுமைகளும் சேர்ந்துவிட்டன. மறுவாழ்வு என்றவுடன் குடிநோயிலிருந்து மீட்கும் இல்லமும், இடம்பெயர்ந்தோர் முகாமும் நினைவுக்கு வருகின்றன. புனர்வாழ்வு என்றால் போருக்குப் பிந்தைய குடியேற்றம். மூளைப் பாதிப்பால் உடல் இயக்கம் தடைப்படும் மூளை முடக்குவாதத்துடன் பிறந்து மூன்று வயதில் முதன்முறையாகக் கரண்டியைப் பிடிக்கப் பழகும் குழந்தைக்கு இவற்றில் எது பொருந்தும்? அந்தக் குழந்தை எதையும் இழந்து மீட்கவில்லை. அதற்கு இது முதல் வாழ்வு.

இந்த இடைவெளி பிற மொழிகளிலும் உணரப்பட்டதுதான். 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 26ஆம் உறுப்பு, ‘ஹாபிலிடேஷன்’, ‘ரிஹாபிலிடேஷன்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. முன்னது இல்லாத திறனை முதன்முறையாக வளர்ப்பது. பின்னது இருந்து குறைந்த திறனை மீட்பது. இந்த இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. முன்னதற்குத் ‘திறன்வளர்ப்பு’, பின்னதற்குத் ‘திறன்மீட்பு’ என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஒன்பது வயது வரை ஓடியாடிவிட்டு விபத்தில் தலையில் அடிபட்ட குழந்தைக்குத் ‘திறன்மீட்பு’ என்பதே சரி. அங்கே ‘வளர்ப்பு’ என்பது நடந்த இழப்பை மறைப்பதாகிவிடும். பிறப்பிலேயே, அல்லது நினைவு தெரியாத வயதிலேயே ஏற்பட்ட குறைபாடுகளுக்குத் ‘தொலைவழித் திறன்வளர்ப்பு’ என்று எழுதலாம். ‘மறுவாழ்வு’ என்பதில் உள்ள ‘வாழ்வு’ என்ற பெரிய சொல்லையும் இதனால் தவிர்த்துவிடுகிறோம்; பொத்தான் போடக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு வாழ்வு தருவதாகச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் மிகைதான்.

‘அன்றாடச் செயல்கள்’ என்ற தொடருக்கும் ஒரு பின்னணி உண்டு. 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட அளவுகோல் குளித்தல், உடுத்தல், கழிப்பறைப் பயன்பாடு, இடம் மாறுதல், கழிவை அடக்கும் கட்டுப்பாடு, உண்ணுதல் என ஆறு செயல்களை எடுத்துக்கொண்டது. அது முதியோரை மனத்தில் வைத்து எழுந்தது. குழந்தைகளுக்கு விளையாட்டும் பள்ளிப் பையை எடுத்துவைப்பதும் அன்றாடமே. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயற்பாட்டு வகைப்பாடு இன்னொரு நுட்பமான வேறுபாட்டைத் தந்தது: சீரான ஒரு சூழலில் ஒருவரால் எவ்வளவு செய்ய இயலும் என்பது ஒன்று, தம் சொந்தச் சூழலில் அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது வேறொன்று. முன்னதை ‘இயலளவு’ என்றும் பின்னதை ‘நடைமுறைச் செயல்’ என்றும் சொல்லலாம்.

தொலைவழி முறையின் பெறுமதி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. சிகிச்சை அறையில் சரியான உயர நாற்காலியில், அவசரமில்லாத வேளையில், பெரிய பொத்தான் தைத்த பயிற்சிப் பலகையில் குழந்தை காட்டுவது இயலளவு. பள்ளி வண்டி வாசலில் ஒலி எழுப்பும்போது, தன் சொந்தச் சீருடையில், தன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து செய்வதே நடைமுறைச் செயல். சிகிச்சையாளரின் நாற்காலியிலிருந்து அளந்தால் இது தொலைவு. குழந்தையின் கட்டிலிலிருந்து அளந்தால் இதைவிட நெருக்கமாக எந்தச் சிகிச்சையும் அமையாது. மூளை முடக்குவாதச் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழுவினர் 2013லும் 2020லும் வெளியிட்ட மதிப்பாய்வுகளும், குறிப்பிட்ட இலக்கை வைத்து உண்மையான செயலையே பழக்குவதற்குச் சாதகமாக இருந்தன. கை கால்களைப் பிறர் அசைத்துவிடும் முறைகளுக்கு அத்தகைய ஆதரவு கிடைக்கவில்லை.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். இடக்கை இறுகியிருக்கும் ஏழு வயதுக் குழந்தை. கைபேசியை முகத்துக்கு நேரே வைத்தால் சிகிச்சையாளருக்குப் புன்னகை மட்டும்தான் தெரியும்; மேசை உயரத்தில், சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே சட்டகத்தில் வரும். போடும்போது இறுகிய கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வெளிவர வேண்டும். இந்த வரிசை தலைகீழானால்தான் சட்டை முதுகில் சிக்கிக்கொண்டு அழுகையில் முடிகிறது. பொத்தான்களில் கடைசிப் பொத்தானைக் காஜாவில் பாதி நுழைத்துவிட்டு மீதியைக் குழந்தையிடம் விடச் சொல்வார்கள். ‘முடித்தது நான்’ என்ற எண்ணம் குழந்தைக்குக் கிடைக்கும். பின்னர் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சென்று முழுவதையும் அதன் கையில் ஒப்படைக்கலாம். இடையில் ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்’ என்று திரையிலிருந்து ஒரு குரல் வரும். பல வீடுகளில் மிகவும் தேவைப்படும் உதவி அந்தக் குரல்தான். ஏனென்றால் அங்கே நீளும் முதல் கை பெற்றோருடையது.

எனவேதான் ‘சிகிச்சை’ என்பதைவிட ‘ஆதரவு’, ‘துணை’ போன்ற சொற்கள் இங்கே பொருந்துகின்றன. தொடுவது பெற்றோர், செய்வது குழந்தை, பார்த்துச் சொல்வது சிகிச்சையாளர். இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு என்னும் நான்கு படிகளில் குழந்தையே தனக்கு வழி கண்டுபிடிக்கும் முறை ஒன்றும் இத்துறையில் உண்டு. பேச்சை நம்பி நடப்பதால் அதைத் திரை வழியாக நடத்தவும் முடிகிறது. முன்னேற்றத்தை அளக்க, குடும்பம் தானே தேர்ந்த செயலுக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடும் கனடிய அளவுகோல் பரவலாக வழங்குகிறது. அதில் இரண்டு புள்ளிகள் ஏறினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்கிறார்கள்.

இவ்வேலையைச் செய்பவரின் பெயரும் ஒரு தொல்லை. ‘ஆக்குபேஷனல் தெரபி’யைத் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று பெயர்த்ததால், மூன்று வயதுக் குழந்தைக்குத் தொழில் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். மூலச்சொல் குறிப்பது சம்பளத் தொழிலை அன்று. ஒருவர் தம் நேரத்தை நிரப்பும் செயல்கள் அனைத்தையும். ‘செயல்வழிச் சிகிச்சை’ என்றால் அந்தக் கேள்வியே எழாது.

சொல்லுக்கு எல்லை கட்டுவதும் முக்கியம். உடற்பயிற்சிப் படங்களை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு அதன்பின் கேளாமல் விடுவது தொலைவழித் திறன்வளர்ப்பு ஆகாது. பார்த்தல், திருத்தல், மீண்டும் பார்த்தல் என்னும் சுற்று அதற்கு வேண்டும். தசையின் இறுக்கத்தைக் கையால் உணர்ந்து மதிப்பிடுவது, கைத்தாங்கியை அளவெடுத்துப் பொருத்துவது, இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது ஆகியவை திரைக்கு அப்பாற்பட்டவை. உண்ணும்போது இருமல், புரையேறல், மூச்சில் ஈர ஒலி ஆகியவை இருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று நேரில் ஆராய வேண்டும். அந்நிலையில் காணொளி வழியாக உண்ணப் பழக்குவது ஆபத்து. குளியலும் கழிப்பறையும் அன்றாடச் செயல்களே ஆனாலும் அவற்றைக் கேமராவுக்கு முன் காட்டச் சொல்லக் கூடாது. உடையுடன் ஒத்திகை பார்ப்பது, பொம்மையை வைத்துச் செய்துகாட்டுவது, ஆளில்லாத குளியலறையின் அளவுகளையும் பிடிமானங்களையும் மட்டும் படமெடுத்து அனுப்புவது போன்ற மாற்று வழிகள் இருக்கின்றன.

எழுதும்போது ‘தொலைவழித் திறன்வளர்ப்பு’ என்று வல்லினம் மிக வேண்டும். ‘தொலைவழித் திறன்வளர்ப்பு அமர்வு’, ‘தொலைவழித் திறன்வளர்ப்புத் திட்டம்’ என்று அதை நீட்டவும் முடிகிறது. அறிக்கைக்கும் ஆய்வுக்கும் இது போதும். பெற்றோருக்கான தாளில் மட்டும் நான் இதையும் எழுதமாட்டேன். வீட்டில் யாரும் குழந்தைக்குத் ‘திறன்வளர்ப்பு’ செய்வதில்லை. ‘சட்டை போடப் பழக்குகிறோம்’ என்றுதான் சொல்கிறார்கள். பழக்குதல் என்ற வினையில் ‘மறு’ இல்லை, ‘முதல்’ இல்லை. பிறந்தது முதல் பழகாத கைக்கும் விபத்துக்குப் பின் பழக வேண்டிய கைக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தும். ‘வீட்டிலிருந்தபடியே அன்றாடச் செயல்களைப் பழக்க, காணொளி வழித் துணை’ என்று தலைப்பிட்டால், தாளைப் புரட்டாமலே விஷயம் விளங்கிவிடும்.